சீட்டுக்காகச் செத்துப்போன அத்தை

வாங்க கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். கடைசியில் இருக்கிறவர்களுக்கும் காதில் விழ வேண்டுமே. மடியில் குழந்தையைப் போட்டுக்கொண்டிருக்கிறவள் சுவரில் நன்றாகச் சாய்ந்துகொள்ளம்மா, அவசரம் ஒன்றும் இல்லை. இன்றைக்கு ஒரு பொம்பளை செத்துப்போன கதை சொல்கிறேன். அதற்குள் முகத்தைத் தொங்கப் போடாதீர்கள். அவள் செத்தது காகிதத்தில். அதுவும் ஆந்திராப் பக்கத்துக் காகிதத்தில் மட்டும். நீங்கள் தாராளமாகச் சிரிக்கலாம்.

அவள் பெயர் பச்சையம்மாள். ஊர், சித்தூர் ஜில்லாவில் பாலசமுத்திரம் பக்கம். ஊரை நடுவில் வகிர்ந்துகொண்டு போகிற தார் ரோடுதான் எல்லை. மேற்கு வரிசை வீடுகள் ஆந்திரா, கிழக்கு வரிசை தமிழ்நாடு. மேற்கே கரண்ட் போனால் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு கிழக்கே போய் மாவரைத்துக்கொண்டு வருவார்கள். பாதி வீடுகளில் இரண்டு ரேஷன் கார்டு உண்டு. ஆந்திராக் கார்டில் அரிசி, தமிழ்நாட்டுக் கார்டில் பொங்கலுக்கு வேட்டி சேலை. இது தப்பு என்று அங்கே ஒருவருக்கும் தோன்றியதில்லை. மழை இரண்டு பக்கமும்தானே பெய்கிறது என்று கேட்பார்கள்.

பச்சையம்மாள் கல்யாணமான மூன்றாம் வருஷமே புருஷனை இழந்து, தம்பி முனிகிருஷ்ணன் வீட்டோடு வந்துவிட்டவள். தம்பிக்கு சர்க்கார் கொடுத்த ஒன்றரை ஏக்கர். அதில் மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, போடுவார்கள், மற்ற நாளில் கூலிக்குப் போவார்கள். தம்பி பெண்டாட்டி செங்கம்மா பெற்றது ஒரே பெண், தாட்சாயணி. பெற்றவள் செங்கம்மா, தூக்கிச் சுமந்தது அத்தையின் இடுப்பு. அத்தைக்கு வாய் கொஞ்சம் நீளம். ஊரில் அவளோடு சண்டை போடாதது இரண்டு பேர்தான். ஒருத்தர் ரோட்டோரப் பிள்ளையார். இன்னொருத்தி, ஊரிலிருந்த சின்ன சர்க்கார் ஆஸ்பத்திரியின் நர்ஸ் ரத்தினம்மா.

தொண்ணூற்றெட்டாம் வருஷம் தாட்சாயணி எம்செட் பரீட்சை எழுதினாள். டாக்டர் படிப்புக்கான பரீட்சை. ராங்க் நல்ல ராங்க்தான், ஆனால் சர்க்கார் காலேஜுக்கு நூலளவில் தவறிவிட்டது. எஸ்டிடி பூத்தும் கேபிள் டிவியும் ஊருக்கு ஊர் முளைத்துக்கொண்டிருந்த சமயம் அது. சித்தூரில் படித்த டாக்டர்களில் பாதிப்பேர் அமெரிக்காவுக்கு ஏறிவிட்டார்கள் என்பார்கள். அப்படி ஏறினவர்கள் சிலர் பிறந்த மண்ணை நினைத்து, திருப்பதிக்குப் பக்கத்தில் புதிதாய்த் தொடங்கிய ஒரு மெடிக்கல் காலேஜில் எல்லையோரத்துப் பிள்ளை ஒன்றைத் தங்கள் செலவில் படிக்க வைக்க முன்வந்தார்கள். ஒரே ஒரு சீட்டு. ராங்க் இருக்க வேண்டும். அதோடு விண்ணப்பத்தில் ஒரு பக்கம் எழுத வேண்டும்: நான் ஏன் டாக்டராக ஆசைப்படுகிறேன்.

கிடைக்காவிட்டால் ராணிப்பேட்டையில் ஷூ கம்பெனி. செங்கம்மாவின் தம்பி அங்கே சூப்பர்வைசரிடம் பேசியே வைத்திருந்தான். ஆடி பிறந்ததும் கம்பெனி வேனில் ஏற வேண்டியதுதான். அந்த வேனின் சத்தம் கேட்டாலே பச்சையம்மாள் கதவைச் சாத்திவிடுவாள்.

விண்ணப்பத்தைச் சரியாக எழுதித் தருகிறவர் என்று திருப்பதியில் சிட்டிபாபு என்பவரைச் சொன்னார்கள். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மாடியில் கோச்சிங் சென்டர் வைத்திருந்தார். குடும்பமே கிளம்பிப் போனது. போன கையோடு மலை ஏறிப் பெருமாளைப் பார்த்துவிடலாம் என்று அத்தையும் கூடப் போனாள். படியேறியதில் மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு ஸ்டூலில் அவள் உட்கார்ந்திருக்க, சிட்டிபாபு தாட்சாயணி தெலுங்கில் எழுதி வந்த பக்கத்தைப் படித்தார். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இதுல செத்தது யாரும்மா?"

யாரும் சாகவில்லை என்றாள் பெண். அத்தையை மல்லாட்டைக் காட்டில் விரியன் கடித்தது, சித்தூர் ஆஸ்பத்திரியில் பிழைத்துக்கொண்டாள், அதைத்தான் எழுதியிருக்கிறேன் என்றாள்.

"பொழச்சிக்கினவங்களுக்கு எவன்மா சீட்டு குடுப்பான்?" என்றார் சிட்டிபாபு. அவருக்குச் சித்தூர்த் தமிழ் நன்றாக வரும்.

பிறகு பொறுமையாக விளக்கினார். படிக்கிறவர்கள் அமெரிக்காவில் இருக்கிறவர்கள். அவர்களுக்கு அழுகை வர வேண்டும். டாக்டர் இல்லாமல் வீட்டில் ஒரு உயிர் போக வேண்டும். பஸ் வராமல் போனால் இன்னும் விசேஷம். போன வருஷம் வேறொரு டிரஸ்டுக்கு எழுதியதில் ஒரு பையனுக்குத் தாத்தாவைச் சாகடித்து பார்மசி சீட்டு வாங்கித் தந்ததாகவும், தாத்தாவே வந்து பழம் கொடுத்துவிட்டுப் போனதாகவும் பெருமையாகச் சொன்னார்.

யார் சாவது என்று அங்கேயே பஞ்சாயத்து நடந்தது. முனிகிருஷ்ணன் தயாராகத்தான் இருந்தான். ஆனால் தகப்பன் கையெழுத்து மூன்று இடத்தில் வேண்டுமாம். செங்கம்மா, தாலி கழுத்தில் இருக்கும்போது காகிதத்தில் கூட அந்தப் பேச்சு வேண்டாம், அதுவும் மலையடிவாரத்தில் உட்கார்ந்துகொண்டு, என்று கண்ணைத் துடைத்தாள். பச்சையம்மாள் நிமிர்ந்து பார்த்தபோது நாலு ஜோடிக் கண்ணும் அவள் மேல் இருந்தன.

"இன்னாத்துக்குடா எல்லாரும் என்னையே பாக்கறீங்க?" என்றாள்.

செத்ததாகப் பேர் பரவினால் ஆயுசு கூடும் என்பது ஊரறிந்தது என்று சிட்டிபாபு சமாதானம் சொன்னார். ஏற்கெனவே பாம்பு வேறு கடித்திருக்கிறது, பாதி வேலை முடிந்த மாதிரி என்றார். தாட்சாயணி மட்டும் வேண்டாம் வேண்டாம் என்று அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கையைப் பார்த்தாள் பச்சையம்மாள். ஷூ கம்பெனியில் ரப்பர் பசை ஒட்டி ஒட்டி நகம் கறுத்துப்போன பெண்களை அவள் பஸ்ஸில் பார்த்திருக்கிறாள்.

"வுடு கண்ணு," என்றாள். "நாலு வரில சாவறதுக்கு இன்னா நோவப் போவுது. எய்திக்கோ சாரு."

சிட்டிபாபு கடைசிப் பக்கத்தில் கையெழுத்துகளை மட்டும் வாங்கிக்கொண்டு, மீதியைத் தானே இங்கிலீஷில் நிரப்பி அனுப்பிவிடுவதாகச் சொன்னார். அதற்குள் முனிகிருஷ்ணனுக்கும் மூளை வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. யாராவது கேட்டால் காட்ட ஒரு காகிதம் வேண்டாமா? ஊருக்குத் திரும்பியதும் முதல் வேலையாக, அக்கா இறந்துவிட்டாள் என்று எழுதிக் கொடுத்து ஆந்திராக் கார்டிலிருந்து அவள் பெயரை அடிக்கச் செய்தான். நஷ்டம் ஒன்றும் இல்லையே, தமிழ்நாட்டுக் கார்டில்தான் அவள் இருக்கிறாளே என்பது அவன் கணக்கு. ரோட்டுக்கு இந்தப் பக்கம் செத்தால் அந்தப் பக்கம் உயிரோடு இருக்கலாம் என்ற யோசனை அந்த ஊர்க்காரனுக்கு மட்டும்தான் வரும்.

இருபது நாள் கழித்துக் கடிதம் வந்தது. காலேஜ் தரப்பிலிருந்து டாக்டர் பத்மினி என்பவர் வீட்டுக்கே வந்து விசாரிப்பாராம். இதைச் சிட்டிபாபு சொல்லவே இல்லை. எஸ்டிடி பூத்திலிருந்து போன் செய்தால், அவர் கோச்சிங் சென்டரில் மணி மட்டும் அடித்துக்கொண்டிருந்தது.

வேறு வழியில்லை, செத்தவள் செத்தவளாகவே இருந்து தீர வேண்டும். பழைய போட்டோ ஒன்றுக்குச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினார்கள். அதற்குக் கனகாம்பர மாலை கட்டியது பச்சையம்மாளேதான். செங்கம்மா கட்டினால் இடைவெளி விட்டுவிடுவாளாம். எதிரே, தமிழ்நாட்டு வரிசையில் கங்கையாவின் டீக்கடை. டாக்டர் வருகிற அன்றைக்குப் பொழுதெல்லாம் அந்தக் கடையின் ஓலைத்தட்டிக்குப் பின்னால், பாத்திரம் கழுவுகிற இடத்தில், அவள் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று ஏற்பாடு. வாயைத் திறக்காமல் என்பதைத்தான் முனிகிருஷ்ணன் மூன்று தடவை சொன்னான்.

டாக்டர் பத்மினி ஜீப்பில் வந்து இறங்கினார். ஐம்பது வயதிருக்கும், பருத்திச் சேலை, கையில் தடித்த ஃபைல். சித்தூர்க்காரர் என்பதால் தமிழ் பேசினார், நடுநடுவே தெலுங்கு கலந்து. வீட்டுக்குள் வந்து போட்டோவைப் பார்த்தார், கும்பிட்டார், நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்த ஐந்தாம் நிமிஷம் மேற்கே கரண்ட் போய்விட்டது. ஆனி மாதப் புழுக்கம். டாக்டர் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, எதிரே ஃபேன் சுற்றுகிற டீக்கடையைப் பார்த்தார். அங்கே காற்று வருகிறதே, அங்கேயே பேசலாம் என்று மற்றவர்கள் வாய் திறப்பதற்குள் ரோட்டைத் தாண்டிவிட்டார். போய் உட்கார்ந்த பெஞ்சு ஓலைத்தட்டியை ஒட்டி இருந்தது. தட்டிக்கு இந்தப் பக்கம் டாக்டரின் முதுகு, அந்தப் பக்கம் செத்தவளின் மூக்கு.

இறந்தவர் எப்படிப்பட்டவர் என்று டாக்டர் கேட்டார். கங்கையாதான் டீயை ஆற்றிக்கொண்டே சாட்சி சொல்ல முன்வந்தான். பச்சையம்மாளோடு இருபது வருஷமாகச் சண்டை போட்டவன். மனதில் இருந்ததையெல்லாம் சொல்ல அவனுக்கு இனி இப்படி ஒரு நாள் வாய்க்குமா? புண்ணியவதி என்று தொடங்கினான். புண்ணியவதிதான், ஆனால் வாய் பொல்லாதது. அவள் போன பிறகுதான் தெருவில் கோழிகள் நிம்மதியாக மேய்கின்றன என்றான். சமையலில் உப்பு தெரியாது. சாவுக்குக் கூட்டம் சுமாராகத்தான் வந்தது. பறைக்கு இரண்டே பேர். எடுத்துப்போன பாடையும் பழைய மூங்கில்தான், ஏதோ ஏழை வீடு. டீ வாங்கிக் குடிக்க வந்திருந்தவர்களும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள்.

தட்டிக்குப் பின்னால் பச்சையம்மாள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். பழைய மூங்கிலா? அவள் புருஷன் போனபோதே பச்சை மூங்கில் வெட்டி வந்தவள் அவள். உப்புப் பேச்சை வேண்டுமானால் மன்னிக்கலாம். இரண்டு பறை என்றானே, இவன் மாமியாருக்கு ஒன்றுதானே வைத்தான். எல்லாவற்றையும் மனதில் வரிசையாக முடிந்து வைத்தாள். டாக்டரம்மா ஜீப் ஏறட்டும், அப்புறம் இருக்கிறது கங்கையாவுக்கு.

அப்போது டாக்டர் ஃபைலைப் பிரித்து இங்கிலீஷில் இருந்ததைத் தமிழில் வாசித்துக் கேட்டார். பாம்பு கடித்ததும் உள்ளூர் சுகாதார நிலையத்துக்குத் தூக்கிப்போனீர்கள், அங்கே நர்ஸ் கதவைப் பூட்டிக்கொண்டு சொந்த வேலையாகப் போயிருந்தார், அதனால்தான் உயிர் போனது என்று எழுதியிருக்கிறதே, அந்த நர்ஸ் பெயர் என்ன?

முனிகிருஷ்ணனுக்குக் கண் பிதுங்கியது. அவன் மகளைப் பார்த்தான். மகளுக்கும் இது புதுச் சேதி. சிட்டிபாபு கதைக்கு ஒரு வில்லனைச் சேர்த்திருந்தார்.

"பேரு தேவையில்ல, இந்த ஊர்ல இருக்கறது ஒரே நர்ஸ்தானே," என்றார் டாக்டர். குரலில் கோபம் இருந்தது. "சீட்டு விஷயம் கமிட்டி பார்க்கும். இந்த விஷயத்தை நான் பார்க்கறேன். நாளைக்கே சித்தூர்ல மேலதிகாரிக்கு எழுதப் போறேன்."

பச்சையம்மாளின் வாயிலிருந்து முந்தானை தானாக நழுவியது.

ரத்தினம்மா, பாம்பு கடித்த அன்றைக்குக் காலில் செருப்பில்லாமல் காட்டுக்கு ஓடி வந்தவள். டிராக்டரில் ஏற்றி ரோட்டுக்குக் கொண்டுவந்து, போகிற கல் லாரியின் முன்னால் கையை விரித்து நின்றவள். லாரிக்காரன் போட்ட கூச்சலுக்கு மேல் கூச்சல் போட்டு, சித்தூர் வரைக்கும் இவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு போனவள். அவளுக்கு வேலையில் இன்னும் இரண்டு வருஷம்தான் பாக்கி.

இந்தப் பக்கம் ரத்தினம்மா. அந்தப் பக்கம் தாட்சாயணி, வேன், கறுத்த நகம். பச்சையம்மாள் முன்னால் கிடந்த ஒரு டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். பிறகு முட்டியில் கையை ஊன்றி எழுந்து, தட்டியை ஒதுக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

"நான்தாம்மா செத்தவ," என்றாள்.

கங்கையாவின் கையிலிருந்த டீ அவன் காலிலேயே கொட்டியது. டாக்டர் ரோட்டுக்கு அப்பால் திறந்திருந்த கதவு வழியே சுவரிலிருந்த போட்டோவைப் பார்த்தார், இவளைப் பார்த்தார், மறுபடி போட்டோவைப் பார்த்தார்.

"பொய் சொன்னது நாங்கம்மா. கார்டுல என் பேர அடிச்சதும் நாங்கதான். ரத்தினம்மா மேல ஒரு பொட்டு தப்பு இல்ல. அது இல்லன்னா நான் நெசமாவே போய்க்கினு இருந்திருப்பேன். அதும் மேல கை வச்சீங்கன்னா எனக்கு அடுக்காது. என்ன வேணா பண்ணுங்க, பொண்ண மட்டும் வுட்டுடுங்க. அது வேணாம்னுதான் சொல்லிச்சி."

டாக்டர் ஃபைலை மூடினார். அவர் கோபப்படுவார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவர் டீயை முழுதாகக் குடித்து முடித்தார்.

"இது நான் போற ஏழாவது வீடு," என்றார். "ஆறு வீட்ல ஆறு பேர் செத்திருக்காங்க. ஆறு பேருக்கும் அன்னைக்கு பஸ் வரல. நாலு விண்ணப்பத்தையும் எழுதின கை ஒண்ணு. சந்தேகம் இருந்தது, என்ன பண்றது? எந்தப் பொணமும் எழுந்து வந்து ஒத்துக்கல."

பொய்யான விண்ணப்பம் செல்லாது, அதுதான் விதி என்றும் சேர்த்துச் சொன்னார். செங்கம்மா தலையில் கை வைத்துக்கொண்டு ரோட்டோரமே உட்கார்ந்துவிட்டாள். டாக்டர் பெண்ணிடம் திரும்பினார். நீ எழுதியதா இது? இல்லை, நான் எழுதியது வேறு, அதில் அழுகை இல்லை என்று சார் எடுத்துக்கொள்ளவில்லை என்றாள் தாட்சாயணி. அந்தத் தாள் திருப்பதியிலேயே நின்றுவிட்டது. அப்படியானால் வாயால் சொல் என்றார் டாக்டர்.

தாட்சாயணி தரையைப் பார்த்துக்கொண்டு ஆரம்பித்தாள். அன்றைக்கு அவளுக்குப் பதினோரு வயது. ஆஸ்பத்திரியில் அத்தையின் கால் வீங்கி ஏறிக்கொண்டே போனது. வார்டில் இருந்த நர்ஸ் இவள் பாவாடை சட்டையையும் பள்ளிக்கூடப் பேனாவையும் பார்த்துவிட்டு, வீக்கம் எதுவரை ஏறியிருக்கிறதோ அங்கே ஒரு கோடு போட்டு மணியும் எழுது, அரை மணிக்கு ஒரு தடவை, என்று சொல்லிவிட்டு வேறு கட்டிலுக்குப் போய்விட்டாள். பெரியவர்கள் அழுதுகொண்டிருந்தார்கள். இவளுக்கு அழ நேரம் இல்லை. கோடு போட்டாள்.

"மொத்தம் எத்தனை கோடு?" டாக்டர் கேட்டார்.

"ஒம்போது மேடம். ஏழாவது கோடு மூணே காலுக்கு, முட்டிக்கு ரெண்டு வெரக்கட கீழ. எட்டாவது கோடு போடப் போனா, அதே எடத்துலயே கீது. ஒம்போதாவதும் அங்கயே. டாக்டர் வர்றதுக்கு முன்னாடியே எனக்குத் தெரிஞ்சுபோச்சு, அத்தை பொழைக்கும்னு." அவள் நிமிர்ந்தாள். "அப்போ எனக்கு அழுகையே வரல மேடம், சந்தோஷமா இருந்திச்சி. ஏன் நின்னுச்சுன்னு எல்லாரையும் கேட்டேன். மருந்துன்னு சொன்னாங்க. மருந்து உள்ள போயி இன்னா பண்ணிச்சுன்னு கேட்டா, சும்மா இருன்னு சொல்லிட்டாங்க. அது எனக்குத் தெரியணும்."

"அது மட்டுமா? கோடு அழிஞ்சிடும்னு காலைத் தேய்க்கவும் வுடல," என்றாள் பச்சையம்மாள். "பத்து நாள் கோட்டோடதான் குளிச்சேன்."

டாக்டர் பத்மினி சிரிக்கவில்லை. ஃபைலிலிருந்து வெள்ளைத் தாள் ஒன்றை உருவி, இப்போது சொன்னதை இங்கேயே உட்கார்ந்து, வருகிற பாஷையில் எழுது என்றார். பொய்யையும் கமிட்டிக்குச் சொல்லுவேன், இதையும் கொடுப்பேன், என்ன ஆகும் என்று என்னால் சொல்ல முடியாது என்றார். பெண் டீக்கடைப் பெஞ்சில் குனிந்து எழுத, ஊரே சுற்றி நின்று பார்த்தது. காற்றில் தாள் பறக்காமல் அத்தை ஒரு மூலையை விரலால் அழுத்திக்கொண்டிருந்தாள்.

கமிட்டியில் ஐந்து பேராம். பொய்க்காரக் குடும்பம் என்று இரண்டு பேர், ஒத்துக்கொண்ட ஒரே குடும்பம் என்று இரண்டு பேர். ஐந்தாவது ஆள் அமெரிக்காவிலிருந்து ஃபேக்ஸில் ஒரே வரி எழுதினாராம்: கோடு போட்ட பெண்ணை எடுங்கள். ஆனால் ஒரு நிபந்தனை. சர்க்கார் பதிவில் செத்தவளாக இருக்கிற அத்தையை உயிரோடு இருப்பவளாகத் திருத்திய காகிதம் பத்து நாளுக்குள் வந்தால்தான் சீட்டு. பொய்யின் மேல் காலேஜ் நிற்கக் கூடாதாம்.

சாவது எத்தனை சுலபம் என்று முனிகிருஷ்ணனுக்கு அப்போதுதான் தெரிந்தது. அக்காவைக் கொல்ல ஒரு அரைத்தாள் போதுமானதாக இருந்தது. உயிர்ப்பிக்க, தாசில்தார் இருக்கிற மண்டல ஆபீசுக்கு ஒன்பது நாள் நடந்தான். பொய் எழுதிக் கொடுத்ததற்கு மன்னிப்புக் கடிதம், ஊர்ப் பெரியவர்கள் கையெழுத்து, ரத்தினம்மாவின் சாட்சி, எல்லாம் கொடுத்தும் குமாஸ்தா, பதிவில் இறந்துவிட்டார், இறந்தவர் மனு கொடுக்க விதி இல்லை என்றான். ஒன்பதாம் நாள் பச்சையம்மாளே நேரில் போனாள். தாசில்தார் அறை வாசலில் நின்றுகொண்டு தமிழில் கால் மணி, தெலுங்கில் கால் மணி பேசினாள். எதிர் வரிசையில் தபால் ஆபீசில் இருந்தவர்கள் கூட வந்து எட்டிப் பார்த்தார்கள். தாசில்தார் வெளியே வந்து பேனாவைத் திறந்து, இவ்வளவு பேசுகிறவரை நான் என் கண்ணால் பார்த்தேன் என்று எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார்.

பத்தாம் நாள் காலையில் திருப்பதி பஸ் நல்லபடியாகவே வந்தது. காலேஜ் வாசலில் தாட்சாயணி டிரங்குப் பெட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே நடந்தாள். பத்தடி போய்த் திரும்பிப் பார்ப்பாள் என்று பச்சையம்மாள் காத்திருந்தாள். அவள் திரும்பவில்லை, முதல் கட்டடத்தின் சுவரில் ஒட்டியிருந்த பெரிய உடம்புப் படம் ஒன்றின் முன்னால் பெட்டியைக் கீழே வைக்கவும் மறந்து நின்றுவிட்டாள். அத்தை முந்தானையைக் கண்ணுக்குக் கொண்டுபோனாள். அந்த நேரம் பார்த்து வாட்ச்மேன் வந்து, வழியை விட்டுத் தள்ளி நில்லம்மா என்றான். நல்ல வேளை. அவனோடு சண்டை போட்டதில் அழுகை எங்கோ போய்விட்டது.

அவ்வளவுதான் கண்ணுகளா. உங்கள் வீட்டில் யாருக்கும் ஆஸ்பத்திரி வாசல் தெரியாமலே காலம் போகட்டும். போய்த்தான் ஆக வேண்டுமென்றால், கேட்டதற்கு நின்று பதில் சொல்கிற பிள்ளை ஒன்று அங்கே வெள்ளைக் கோட்டோடு இருக்கட்டும். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் நூறு வயதுக்கும் வாய் ஓயாமல் பேசட்டும். சின்னதுகள் அதைக் கேட்டுச் சலித்துக்கொண்டு, சலித்துக்கொண்டே சிரித்து, நன்றாக இருக்கட்டும்.